படத்தில் தெரியாத கட்டி
மார்பகப் புற்றுநோயைக் கண்டறிவதில் விம்பமாக்கல் முறைகளின் எல்லைகள்

இரண்டு வருடங்களுக்கு முன்னர், நோன்புப் பெருநாளுக்குச் சில நாட்கள் இருக்கையில், என் சாச்சி பெரிய கடித உறையொன்றைக் கையில் பிடித்தபடி எங்கள் வீட்டுக்கு வந்தார். சாச்சி உம்மாவின் தங்கை. அப்போது அவருக்கு 42 வயது. குளிக்கும்போது இடது மார்பில் புளியங்கொட்டை அளவில் ஏதோ ஒன்று விரலில் தட்டுப்பட்டதாம். மூன்று மாதங்கள் யாரிடமும் சொல்லவில்லை. பிறகு உம்மாவிடம் மட்டும் சொல்ல, இருவரும் போய் மமோகிராம் எடுத்து வந்தார்கள். உறைக்குள் இருந்த அறிக்கையில், புற்றுநோயைக் காட்டும் அடையாளம் எதுவும் தென்படவில்லை என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. அதை வாசித்துச் சொன்னது நான்தான். "அல்ஹம்துலில்லாஹ், ஒண்டும் இல்லையாம்!" என்று உம்மா சாச்சியைக் கட்டிப்பிடித்தார். அந்தப் பெருநாளுக்கு எங்கள் வீட்டில் வட்டிலப்பம் இரண்டு சட்டி.

அறிக்கையில் இன்னொரு வசனமும் இருந்தது. மார்பக இழையம் அடர்த்தியானது, அது சிறிய கட்டிகளை மறைக்கக்கூடும் என்பதே அந்த வசனம். அதையும் நான் வாசித்தேன். எனக்கு விளங்காததால் மொழிபெயர்த்துச் சொல்லவில்லை.

கட்டி இருந்த இடத்திலேயே இருந்தது. "மமோகிராமில் ஒண்டும் இல்லை எண்டு வந்ததுதானே" என்று சாச்சி அதைப் பொருட்படுத்தவில்லை. ஏழு மாதங்கள் கழிந்தபின் கட்டிக்கு மேலிருந்த தோல் உள்ளே இழுபட்டதைக் கண்டு மீண்டும் வைத்தியரிடம் போனார். இம்முறை ஸ்கேன் செய்தார்கள், ஊசியால் சிறு துண்டு எடுத்துப் பார்த்தார்கள். புற்றுநோய்தான். சத்திரசிகிச்சையும் மருந்தேற்றலும் முடிந்து, அல்லாஹ்வின் அருளால் சாச்சி இன்று நலமாக இருக்கிறார்.

யாரிலும் குற்றம் காண்பதற்காக இதை நான் எழுதவில்லை. படம் தான் கண்டதைச் சரியாகவே சொல்லியிருந்தது. "தென்படவில்லை" என்று அது சொன்னதை "இல்லை" என்று கேட்டுக்கொண்டவர்கள் நாங்கள். இந்த இரண்டு சொற்களுக்கும் இடையில் இருக்கும் தூரம் எவ்வளவு என்று அறிய, உயர்தர வகுப்பில் படித்த பௌதிகவியலையும் உயிரியலையும் துணைக்கு எடுத்துக்கொண்டு நான் தேடிப் படித்தவற்றைத் தோழியருடனும் பெற்றோருடனும் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

ஏன் இதை நாம் அறிய வேண்டும்?

உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பின்படி, 2022 ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 23 இலட்சம் பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் இருப்பது கண்டறியப்பட்டது. அதே ஆண்டில் ஏறத்தாழ 6 இலட்சத்து 70 ஆயிரம் பேர் அதனால் உயிரிழந்தனர். இலங்கைப் பெண்களில் அதிகமாகக் காணப்படும் புற்றுநோயும் இதுவே. நேரத்துடன் கண்டறிந்தால் பெரும்பாலும் குணப்படுத்தக்கூடிய நோய் இது. ஆகவே எதைக் கொண்டு கண்டறிகிறோம், அந்தக் கருவி எதைக் காணும், எதைக் காணாது என்பது ஒவ்வொரு குடும்பத்துக்கும் தெரிந்திருக்க வேண்டிய விடயமாகும்.

எக்ஸ் கதிர் எப்படிப் பார்க்கிறது?

1895 இல் ஜேர்மனியைச் சேர்ந்த றொன்ட்ஜன் எக்ஸ் கதிர்களைக் கண்டுபிடித்தார். 1913 இல் பேர்லின் நகரச் சத்திரசிகிச்சை நிபுணர் அல்பேட் சலொமன், சத்திரசிகிச்சையில் அகற்றப்பட்ட ஏறத்தாழ 3000 மார்பகங்களை எக்ஸ் கதிரில் படமெடுத்து, புற்றுநோய் எவ்வாறு தோன்றுகிறது என்று ஆராய்ந்தார். 1949 இல் உருகுவே நாட்டின் ராவுல் லெபோர்ன் என்ற வைத்தியர், மார்பை இரு தட்டுகளுக்கிடையில் அழுத்திப் படமெடுத்தால் தெளிவு கூடும் என்று காட்டினார். புற்றுநோயுடன் சேர்ந்து தோன்றும் நுண்ணிய கல்சியப் படிவுகளின் முக்கியத்துவத்தையும் அவர் எடுத்துக்கூறினார். மமோகிராம் எடுக்கும்போது வலிக்கிறது என்று பெண்கள் சொல்வதற்கு இந்த அழுத்தமே காரணம். அது வீணான வலியன்று. இழையம் பரந்து மெல்லியதானால் ஒன்றன்மேல் ஒன்று மறைப்பது குறையும், கதிரின் அளவும் குறையும்.

மமோகிராம் என்பது ஒரு நிழற்படம். கதிர் புகுந்து வெளியேறும்போது எந்த இழையம் எவ்வளவு கதிரைத் தடுத்தது என்பதையே அது பதிவு செய்கிறது. அதிகக் கதிர் வந்து சேர்ந்த இடம் கருமையாகவும், குறைவாக வந்து சேர்ந்த இடம் வெண்மையாகவும் தெரியும்.

இங்கே ஒரு சிறிய கணக்கைப் பார்ப்போம். மமோகிராமில் பயன்படும் கதிர்களின் சக்தி மிகக் குறைவானது, ஏறத்தாழ 20 கிலோ இலத்திரன்வோல்ற்று. இந்தச் சக்தியுடைய 100 கதிர்த் துணிக்கைகள் 1 சென்ரிமீற்றர் தடிப்புள்ள கொழுப்பினுள் புகுந்தால் அண்ணளவாக 64 வெளியே வரும். அதே தடிப்புள்ள புற்றுநோய்க் கட்டியினுள் புகுந்தால் 43 மாத்திரமே வெளியே வரும். 64 இற்கும் 43 இற்கும் உள்ள வித்தியாசம் பெரிது. ஆகவே கொழுப்பின் நடுவே இருக்கும் கட்டி, இரவு வானில் நிலாவைப் போலப் பளிச்சென்று தெரியும்.

ஆனால் பால் சுரக்கும் சுரப்பி இழையத்தினுள் புகுந்தால் வெளியே வருவது ஏறத்தாழ 45. இப்போது 45 இற்கும் 43 இற்கும் இடையிலான வித்தியாசத்தைத்தான் கண் பிடிக்க வேண்டும். சுரப்பியும் வெண்மை, கட்டியும் வெண்மை. வெள்ளைத் துணியில் வெள்ளை நூலால் போட்ட தையலைத் தேடுவது போன்றது இது. இயந்திரத்தின் பழுதோ படமெடுத்தவரின் கவனக்குறைவோ இதற்குக் காரணமில்லை. இரு இழையங்களும் கதிரை ஏறத்தாழ ஒரேயளவில் தடுப்பதால் ஏற்படும் எல்லை இது.

அடர்த்தி என்றால் என்ன?

மார்பகத்தில் கொழுப்பைவிடச் சுரப்பியும் நார் இழையமும் கூடுதலாக இருந்தால் அதை அடர்த்தியான மார்பகம் என்பார்கள். இது கையால் தொட்டு அறியக்கூடிய கடினத்தன்மையல்ல. படத்தில் மாத்திரமே தெரியும். மிகக் குறைந்த அடர்த்தி முதல் மிகக் கூடிய அடர்த்தி வரை நான்கு வகைகளாக வைத்தியர்கள் பிரிக்கிறார்கள். மமோகிராம் எடுக்கும் பெண்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் அடர்த்தி கூடிய இரண்டு வகைகளில் அடங்குவர். வயது குறைந்தவர்களிலும் பாலூட்டும் தாய்மாரிலும் அடர்த்தி கூடுதலாக இருக்கும். அடர்த்தி ஒரு நோயல்ல. ஆனால் அது கட்டியை மறைப்பதோடு, புற்றுநோய் உண்டாகும் வாய்ப்பையும் ஓரளவு கூட்டுகிறது.

இந்த மறைப்பு எவ்வளவு பெரியது? 2003 இல் அமெரிக்காவில் வெளியான ஒரு பெரிய ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. மார்பகம் பெரும்பாலும் கொழுப்பாக இருந்த பெண்களில், இருந்த 100 புற்றுநோய்களில் ஏறத்தாழ 87 ஐ மமோகிராம் கண்டது. அடர்த்தி மிகக் கூடிய பெண்களில் 63 ஐ மாத்திரமே கண்டது. அதாவது அவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட புற்றுநோய்கள் படத்தில் சிக்கவில்லை.

இந்தப் புள்ளிவிபரத்துக்குப் பின்னால் இருக்கும் ஒரு பெண்ணின் கதையும் உலகறிந்தது. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தைச் சேர்ந்த நான்சி கப்பெல்லோ ஆண்டுதோறும் தவறாமல் மமோகிராம் எடுத்தவர். ஒவ்வொரு முறையும் நலம் என்றே கடிதம் வந்தது. 2004 இல் வைத்தியர் கையால் பரிசோதித்தபோது ஒரு தடிப்பை உணர்ந்தார். மீண்டும் எடுத்த மமோகிராமிலும் எதுவும் தெரியவில்லை. அன்று செய்த ஸ்கேனில் 2.5 சென்ரிமீற்றர் கட்டி தெரிந்தது. நோய் 13 நிணநீர்க் கணுக்களுக்கும் பரவியிருந்தது. தன் மார்பகம் அடர்த்தியானது என்பது வைத்திய அறிக்கைகளில் இருந்தும், தனக்கு யாரும் அதைச் சொல்லவில்லை என்பதை அவர் பின்னரே அறிந்தார். அவருடைய விடாமுயற்சியால் 2009 இல் கனெக்டிகட் மாநிலத்தில், அடர்த்தி பற்றிய தகவலைப் பெண்ணுக்கு அறிவிக்க வேண்டும் என்ற சட்டம் வந்தது. அவர் 2018 இல் காலமானார். 2024 செப்டெம்பர் முதல் அமெரிக்கா முழுவதும் அந்த அறிவித்தல் கட்டாயமாகியுள்ளது.

அந்த அறிவித்தலைப் போன்ற ஒரு வசனம் எங்கள் சாச்சியின் உறைக்குள்ளும் இருந்தது. எழுதியிருப்பது மட்டும் போதாது, அது விளங்கவும் வேண்டும் என்பதை நான் அப்படித்தான் கற்றேன்.

கழியொலி ஸ்கேன்

எக்ஸ் கதிர் தடுமாறும் இடத்தில் கழியொலி அலைகள் உதவுகின்றன. காதுக்குக் கேட்காத உயர் மீடிறன் கொண்ட ஒலியை உள்ளே அனுப்பி, இழையங்களின் எல்லைகளில் பட்டுத் திரும்பும் எதிரொலியைக் கொண்டு விம்பத்தை அமைக்கிறார்கள். இங்கே கதிர்வீச்சு இல்லை. அதோடு கழியொலி விம்பத்தில் சுரப்பி இழையம் வெண்மையாகவும், பெரும்பாலான கட்டிகள் கருமையாகவும் தெரியும். வெள்ளைக்குள் வெள்ளை என்ற சிக்கல் இங்கே பெருமளவு குறைகிறது. நீர் நிறைந்த சாதாரண பையா, திண்மமான கட்டியா என்பதையும் இது நன்றாகப் பிரித்துக் காட்டும். இளம் பெண்களுக்கு வைத்தியர்கள் முதலில் ஸ்கேன் செய்யச் சொல்வது இதனால்தான்.

ஜப்பானில் 40 முதல் 49 வயது வரையான 70,000 இற்கும் மேற்பட்ட பெண்களில் நடத்தப்பட்ட ஆய்வின் முடிவு 2016 இல் வெளியானது. மமோகிராம் மாத்திரம் செய்தவர்களில் 100 புற்றுநோய்களுக்கு 77 கண்டறியப்பட்டன. மமோகிராமுடன் ஸ்கேனும் செய்தவர்களில் அது 91 ஆக உயர்ந்தது.

அப்படியானால் எல்லோருக்கும் ஸ்கேன் மாத்திரம் செய்தால் போதாதா? போதாது. புற்றுநோயின் மிக ஆரம்ப நிலையில் பால் குழாய்களுக்குள் தோன்றும் நுண்ணிய கல்சியப் படிவுகளைக் கழியொலி பெரும்பாலும் தவறவிடும். அவற்றைக் காண்பதில் மமோகிராமே வல்லது. மேலும் ஸ்கேன் செய்பவரின் கையிலும் அனுபவத்திலும் விளைவு பெரிதும் தங்கியுள்ளது. கருவியை எந்த இடத்தில் வைக்கவில்லையோ அந்த இடம் படத்தில் வராது. இவை தவிர, தீங்கற்ற பல கட்டிகளையும் ஸ்கேன் சந்தேகத்துக்குரியவையாகக் காட்டும். அதே ஜப்பானிய ஆய்வில், நோயில்லாதவர்களை நோயில்லை என்று சரியாகச் சொன்ன வீதம், ஸ்கேன் சேர்ந்தபோது 91 இலிருந்து 88 அளவுக்குக் குறைந்தது.

எம்.ஆர்.ஐ. பரிசோதனை

காந்தப் பரிவு முறையான எம்.ஆர்.ஐ. இன்னொரு வழியில் தேடுகிறது. புற்றுநோய்க் கட்டி தனக்கென்று புதிய குருதிக் குழாய்களை வளர்த்துக்கொள்கிறது. அந்தக் குழாய்களின் சுவர்கள் ஒழுங்கற்றவை, கசியக்கூடியவை. கடோலினியம் அடங்கிய ஒரு திரவத்தை நாளத்தில் ஏற்றினால் அது கட்டியில் விரைவாகச் சேர்ந்து ஒளிர்வாகத் தெரியும். இழையம் அடர்த்தியானதா என்பது இதைப் பெரிதாகப் பாதிக்காது.

நெதர்லாந்தில் மார்பக அடர்த்தி மிகக் கூடிய, மமோகிராமில் எதுவும் தெரியாத 40,000 இற்கும் மேற்பட்ட பெண்களை வைத்து நடந்த ஆய்வின் பெறுபேறு 2019 இல் வெளியிடப்பட்டது. ஒரு பரிசோதனைக்கும் அடுத்த பரிசோதனைக்கும் இடைப்பட்ட காலத்தில் திடீரென வெளிப்படும் புற்றுநோய், மமோகிராம் மாத்திரம் செய்த பிரிவில் 1000 பேருக்கு 5 ஆகவும், எம்.ஆர்.ஐ. செய்யவும் அழைக்கப்பட்ட பிரிவில் 2.5 ஆகவும் இருந்தது. சரி பாதி!

ஆனால் அதே ஆய்வின் முதற்சுற்றில் எம்.ஆர்.ஐ. செய்த 1000 பேரில் ஏறத்தாழ 80 பேருக்குப் புற்றுநோய் இல்லாமலே சந்தேகம் எழுப்பப்பட்டது. தீங்கற்ற கட்டியும், மாதவிடாய் வட்டத்தின் சில நாட்களில் சாதாரண இழையமும்கூட அந்தத் திரவத்தை ஏற்று ஒளிரும். செலவும் பெரிது, இயந்திரங்களும் குறைவு. எனவே பரம்பரையாக ஆபத்துக் கூடியவர்களுக்கும் குறிப்பிட்ட தேவைகளுக்குமே இது பெரும்பாலும் பரிந்துரைக்கப்படுகிறது.

வெப்பத்தைப் படமெடுத்து மார்பகப் புற்றுநோயைக் கண்டறியலாம் என்று சில இடங்களில் விளம்பரம் செய்கிறார்கள். வலியில்லை, கதிர் இல்லை என்பதால் பலரும் கவரப்படுகிறார்கள். வெப்பப் படம் மமோகிராமுக்குப் பதிலாகாது என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் பல தடவைகள் எச்சரித்துள்ளது.

நோயின் இயல்பு விதிக்கும் எல்லை

எல்லா முறைகளுக்கும் பொதுவான ஓர் எல்லையும் உண்டு. ஒரு கலம் இரண்டாகி, இரண்டு நான்காகி, இவ்வாறு 30 தடவைகள் இரட்டித்தால் எண்ணிக்கை 100 கோடியைத் தாண்டும். 1 சென்ரிமீற்றர் கட்டியில் இருப்பது ஏறத்தாழ அந்த அளவு கலங்களே. விரலுக்குத் தட்டுப்படும் கட்டி, அதன் வாழ்நாளில் பெரும் பகுதியை யாருக்கும் தெரியாமல் கழித்துவிட்டது என்பதே இதன் பொருள். எந்தப் படமும் முதற் கலத்தைக் காண்பதில்லை. இன்று எடுத்த படம் இன்றைய நிலையைத்தான் சொல்லும். அடுத்த ஆண்டுக்கு அது உத்தரவாதம் தராது.

கட்டியின் வகையும் முக்கியம். மார்பகப் புற்றுநோய்களில் 100 இற்கு 10 முதல் 15 வரை, பால் சுரக்கும் சோணைகளுடன் தொடர்புடைய வகையைச் சேர்ந்தவை. அந்தக் கலங்களில் ஒன்றோடொன்று ஒட்டவைக்கும் புரதம் இல்லாமற் போவதால், அவை கட்டியாகத் திரளாமல் எறும்பு வரிசை போல் ஒன்றன்பின் ஒன்றாக இழையத்துக்குள் ஊர்ந்து செல்கின்றன. திரளாத ஒன்று படத்தில் உருவமாகத் தெரிவது கடினம்.

இறுதியாக, படத்தை வாசிப்பவரும் மனிதரே. களைப்பும் பழக்கமும் அவருக்கும் உண்டு. இதனால்தான் பிரித்தானியாவில் ஒரு படத்தை இருவர் தனித்தனியே வாசிக்கிறார்கள். சுவீடனில் 80,000 பெண்களின் படங்களை வைத்து நடந்த ஆய்வில், செயற்கை நுண்ணறிவின் துணையுடன் வாசித்தபோது 1000 பேருக்கு 6 புற்றுநோய்களும், வழமையான முறையில் வாசித்தபோது 5 உம் கண்டறியப்பட்டதாக 2023 இல் அறிவித்தார்கள். வைத்தியர்களின் வாசிப்புச் சுமையும் 44 வீதம் குறைந்தது. இது நல்ல செய்தி. ஆயினும் படத்தில் பதியாததைச் செயற்கை நுண்ணறிவாலும் வாசிக்க முடியாது.

மறுபக்கத் தவறு

இதுவரை, இருப்பதைக் காணாமல் விடும் தவறைப் பார்த்தோம். இல்லாததை இருப்பதாகச் சந்தேகிக்கும் தவறும் உண்டு. 1998 இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றின்படி, பத்து மமோகிராம்கள் எடுத்த பெண்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் ஒருமுறையாவது வீணான சந்தேகத்துக்காக மீண்டும் அழைக்கப்படுவார்கள். மீண்டும் வரச்சொன்னார்கள் என்றதும் வீடே மையித்து வீடு போலாகிவிடத் தேவையில்லை. அப்படி அழைக்கப்படுபவர்களில் பெரும்பாலானோருக்குப் புற்றுநோய் இருப்பதில்லை.

வாழ்நாளில் ஒருபோதும் தொல்லை தராத, மிக மெதுவாக வளரும் புற்றுநோய்களையும் படம் பிடித்துவிடும். அவற்றுக்கும் சிகிச்சை செய்ய நேரிடும். 2012 இல் பேராசிரியர் சேர் மைக்கல் மார்மட் தலைமையில் பிரித்தானியாவில் கூடிய நிபுணர் குழு, மமோகிராம் பரிசோதனைக்கு அழைக்கப்படும் பெண்களில் மார்பகப் புற்றுநோய் மரணம் ஏறத்தாழ 20 வீதம் குறைகிறது என்று கணித்தது. அதேவேளை ஒரு மரணம் தடுக்கப்படும்போது ஏறத்தாழ மூன்று பெண்களுக்கு அவசியமற்ற நோய்நிர்ணயம் நிகழ்கிறது என்றும் கூறியது. நன்மையும் உண்டு, விலையும் உண்டு. "மமோகிராம் பயனற்றது" என்று யாராவது இந்தக் கட்டுரையிலிருந்து முடிவெடுத்தால் அது முற்றிலும் தவறாகும். அது உயிர்களைக் காக்கும் கருவி. அதன் எல்லையை அறிந்து பயன்படுத்தும்போது இன்னும் அதிகமாகக் காக்கும்.

கைக்கும் எல்லை உண்டு

படம் தவறவிட்டதைச் சாச்சியின் விரல் கண்டது என்பதால், கையே சிறந்தது என்று நினைத்துவிடக் கூடாது. சீனாவின் சங்ஹாய் நகரில் 2,66,000 பெண் தொழிலாளர்களை வைத்து நடந்த ஆய்வின் முடிவு 2002 இல் வெளிவந்தது. சுயபரிசோதனையை முறையாகக் கற்ற பிரிவிலும் கற்காத பிரிவிலும் மார்பகப் புற்றுநோய் மரணங்கள் ஒரேயளவிலேயே இருந்தன. கற்ற பிரிவில் தீங்கற்ற கட்டிகளுக்கான பரிசோதனைகள் கூடின. கை தனியாகப் போதாது, கண் தனியாகப் போதாது, கருவி தனியாகப் போதாது.

எனவேதான் மார்பில் கட்டியுடன் வருபவருக்கு மூன்று படிகள் கொண்ட பரிசோதனையை வைத்தியர்கள் செய்கிறார்கள். முதலாவது, வைத்தியர் கையால் பரிசோதிப்பது. இரண்டாவது, வயதுக்கேற்ப மமோகிராமோ ஸ்கேனோ இரண்டுமோ. மூன்றாவது, ஊசியால் சிறு இழையத் துண்டை எடுத்து நுணுக்குக்காட்டியில் பார்க்கும் பயொப்சி. மூன்றும் ஒருமித்துத் தீங்கில்லை என்று சொன்னால், புற்றுநோய் இருக்கும் வாய்ப்பு 100 இற்கு 1 ஐயும் விடக் குறைவு. மூன்றில் ஒன்று மற்றதோடு ஒத்துப்போகாவிட்டால், சந்தேகத்தைக் கிளப்பும் அந்த ஒன்றைப் பின்தொடர்ந்து போக வேண்டும். நிழலை ஆராய்வதைவிடக் கலத்தையே நேரில் பார்ப்பது உறுதியானது. கட்டி கையில் தெரிகிறது, படத்தில் தெரியவில்லை என்றால் விசாரணை முடிந்துவிடவில்லை. அடுத்த படிக்குப் போக வேண்டிய நேரம் அதுதான்.

நோயறிகுறி எதுவும் இல்லாதவர் ஆண்டுப் பரிசோதனைக்காக எடுக்கும் மமோகிராமும், கையில் கட்டியுடன் போகிறவர் எடுக்கும் மமோகிராமும் ஒரே இயந்திரத்தில் எடுக்கப்படலாம். ஆனால் இரண்டாமவருக்குப் படம் மாத்திரம் பதிலாகாது. சாச்சி இரண்டாமவர். நாங்கள் அவரை முதலாமவராக எண்ணிவிட்டோம்.

நம் வீடுகளில் செய்யக்கூடியவை

பிரித்தானியாவைப் போல் எல்லாப் பெண்களுக்கும் கடிதம் அனுப்பி மமோகிராமுக்கு அழைக்கும் தேசியத் திட்டம் நமது நாட்டில் இல்லை. ஆனால் சுகாதார வைத்திய அதிகாரி காரியாலயங்களின் கீழ் சுகவனிதையர் கிளினிக்குகள் நாடெங்கும் இலவசமாக நடக்கின்றன. அங்கே மார்பகத்தைப் பரிசோதிப்பதோடு சுயபரிசோதனை செய்யும் முறையையும் கற்றுத் தருகிறார்கள். உங்கள் பகுதிக் குடும்ப சுகாதார உத்தியோகத்தரிடம் கேட்டால் எந்த நாளில் எங்கே என்று சொல்வார். கொழும்பு நாரஹேன்பிட்டியில் புற்றுநோயை ஆரம்பத்திலேயே கண்டறிவதற்கான அரச நிலையமும் உள்ளது.

கட்டி மாத்திரம் அறிகுறியல்ல. தோல் குழிதல், தோடம்பழத் தோல் போலாதல், முலைக்காம்பு புதிதாக உள்ளிழுபடுதல், இரத்தம் கலந்த திரவம் கசிதல், அக்குளில் கட்டி, ஆறாத புண் ஆகியவற்றில் எதைக் கண்டாலும் வைத்தியரிடம் போக வேண்டும்.

அறிக்கை கையில் கிடைத்ததும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். என் மார்பக இழையம் அடர்த்தியானதா? என் கையில் தட்டுப்படும் இந்தக் கட்டிக்கு இந்தப் படம் விளக்கம் தருகிறதா? தராவிட்டால் அடுத்த பரிசோதனை எது, எப்போது? கேட்பது வைத்தியரை மதியாமை ஆகாது. நல்ல வைத்தியர் அந்தக் கேள்விகளை விரும்புவார்.

என் வயதுத் தோழியரே, நம் வயதில் மார்பில் தோன்றும் கட்டிகள் ஏறத்தாழ எல்லாமே பைப்ரோஅடினோமா போன்ற தீங்கற்றவை. பயப்பட வேண்டாம், மறைக்கவும் வேண்டாம். உம்மாவிடம் சொல்லுங்கள். அறிக்கையை வாசித்துக் காட்டும்படி உம்மாமார் நம்மிடம் தந்தால் ஒரு வசனத்தையும் விடாமல் வாசியுங்கள். விளங்காத வசனத்தை அடிக்கோடிட்டு வைத்தியரிடம் கேட்கச் சொல்லுங்கள்.

பெற்றோருக்கும் ஒன்று. நம் வீடுகளில் வெட்கம் பெரிய விடயம். பெண் வைத்தியர் வேண்டும் என்று கேட்பதில் எந்தத் தவறும் இல்லை. பெண் வைத்தியர் கிடைக்கட்டும் என்று மாதக்கணக்கில் தள்ளிப்போடுவதுதான் ஆபத்து. உடலும் ஓர் அமானிதம், அதைப் பேணுவதும் கடமை என்றுதான் நமக்குக் கற்பிக்கப்பட்டிருக்கிறது. வாப்பாமாரும் இதைப் பேசக் கூச்சப்படாமல், கிளினிக்குக்குக் கூட்டிச் செல்ல ஒரு நாள் லீவு எடுக்க வேண்டும்.

சாச்சியிடம் இந்தக் கட்டுரையை வாசித்துக் காட்டினேன். முடியும் வரை பேசாமல் கேட்டிருந்தார். அந்த இரண்டாவது வசனத்தை அன்று நான் சொல்லவில்லை என்ற இடம் வந்தபோது என் குரல் அடைத்தது. "நீ சின்னப் பிள்ளை, உனக்கென்ன தெரியும்? இப்ப விளங்கிட்டுதானே, மத்தவங்களுக்குச் சொல்லு" என்றார்.

சொல்லிவிட்டேன், சாச்சி.

தரம் 13, உயிரியல் விஞ்ஞானப் பிரிவு